ஒரு குடம் எண்ணெய்: கடன் நெருக்கடியில் ஜெபமும் கணக்கும்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய கிராமச் சபைக்கு 14 ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். அந்த ஆண்டுகளில் கடனில் தத்தளித்த குடும்பங்கள் பல என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. வருகிறவர்கள் பெரும்பாலும் "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். சேர்ந்து ஜெபித்து முடித்தபின், வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தை எடுத்து, முதல் ஏழு வசனங்களை அவர்களையே வாசிக்கச் சொல்வேன்.

தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் கடனை வைத்துவிட்டு இறந்துபோகிறான். கடன் கொடுத்தவன் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக் கொண்டுபோக வந்து நிற்கிறான். விதவையான தாய் எலிசா என்னும் தீர்க்கதரிசியிடம் ஓடி வந்து முறையிடுகிறாள். எலிசா உடனே அற்புதம் எதையும் செய்துவிடவில்லை. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்று கேட்கிறான். ஒரு குடம் எண்ணெய் தவிர வேறொன்றும் இல்லை என்கிறாள். அற்புதத்துக்கு முன்பாக ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. பிறகு அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி, அந்த எண்ணெயை அவற்றில் வார்க்கச் சொல்கிறான்; பாத்திரங்கள் எல்லாம் நிறையும் வரை எண்ணெய் நிற்கவில்லை. அற்புதம் நடந்த பின்போ, "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்" என்று ஒரு வரிசை சொல்லப்படுகிறது. இறந்துபோன அந்த மனிதன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன் என்பதையும் முதல் வசனமே சொல்லிவிடுகிறது. ஆகவே ஒரு வீட்டில் கடன் ஏறியிருப்பதைப் பார்த்து, அங்கே விசுவாசம் குறைந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இந்த ஏழு வசனங்கள் போகிற வழியிலேயே, நெருக்கடியில் இருக்கும் ஒரு குடும்பம் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற வார்த்தையை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியம் இருப்பதால்தான், நம்மால் நம் கணக்கை அச்சமில்லாமல் பார்க்க முடிகிறது.

கதவைப் பூட்டிக்கொண்டு பேசுங்கள்

அந்த விதவைக்கு எலிசா சொன்ன ஒரு சிறிய குறிப்பைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுடன் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்கிறான். பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்கிறார்கள், தாய் வார்க்கிறாள். கடனை அடைக்கும் வேலை அந்த வீட்டார் எல்லாரும் சேர்ந்து, ஊர் பார்க்காத இடத்தில் செய்த வேலை.

என் தகப்பனார் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். 1996-ல் அந்த ஆலை மூடப்பட்டபோது, வேலை போன செய்தியை அவர் ஐந்து வாரங்கள் எங்களிடம் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த ஐந்து வாரங்களில் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு ஒரு கடன், பலசரக்குக் கடையில் பற்று, தெரிந்தவர்களிடம் கைமாற்று என்று பாரம் ஏறிப்போனது. ஒரு சனிக்கிழமை இரவு குடும்ப ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடம் வந்தபோது அவருடைய குரல் நின்றுவிட்டது. அம்மா விளக்கைச் சற்று தூண்டிவிட்டு, சுவரில் இருந்த வசன நாட்காட்டியிலிருந்து முந்தைய நாளின் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, "யார் யாருக்கு எவ்வளவுன்னு எழுதுங்க" என்று மட்டும் சொன்னார்கள். கோபமோ அழுகையோ இல்லை. ஒன்பது பெயர்கள் அந்தத் தாளில் வந்தன. அன்று இரவுதான் எங்கள் வீட்டில் கடன் குறையத் தொடங்கியது என்று நான் இன்றும் சொல்வேன், கையில் ஒரு ரூபாய்கூட வராமலே.

நீங்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப ஜெபம் முடிந்த கையோடு உட்காருவது நல்லது, ஏனென்றால் ஒன்றாய் முழங்கால்படியிட்டு எழுந்தவர்கள் அந்த அரை மணி நேரத்துக்காவது ஒருவரையொருவர் குத்திப் பேச மாட்டார்கள். கணவனுக்குத் தெரியாமல் மனைவி எடுத்த குழுக் கடன், மனைவிக்குத் தெரியாமல் கணவன் போட்ட ஜாமீன் கையெழுத்து, செல்பேசிச் செயலியில் மகன் வாங்கிய சிறு கடன் ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்த உட்காருதலில்தான் வெளியே வருகின்றன. யாருடைய கடன் என்ற வழக்கை அன்றைக்கு எடுக்காமல், தொகையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உடன் இருக்கலாம்; வீட்டில் பணம் நெருக்கடியாக இருக்கிறது, எல்லாரும் சேர்ந்து சரிசெய்கிறோம் என்ற அளவுக்கு அவர்களுக்குத் தெரிந்தால் போதும். கடன்காரர் வாசலில் வந்து சத்தம் போட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட, பெற்றோர் வாயால் கேட்பது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாராவது கடன் தாளாமல் செத்துவிடலாம் என்று ஒரு முறை சொன்னால்கூட அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம். போதகருக்கும் உடனே சொல்லுங்கள்.

வீட்டில் என்ன இருக்கிறது

ஒரு நோட்டின் இடது பக்கத்தில் இருப்பதையும், வலது பக்கத்தில் கொடுக்க வேண்டியதையும் எழுதுங்கள். இருப்பதில் பணமும் நகையும் நிலமும் மட்டும் வருவதில்லை. அந்த விதவை ஒன்றும் இல்லை என்று சொல்லத் தொடங்கித்தான் ஒரு குடம் எண்ணெயை நினைவுகூர்ந்தாள். தையல் இயந்திரம், மனைவிக்குத் தெரிந்த பலகாரத் தொழில், மறந்துபோன வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, நின்றுபோன ஆயுள் காப்பீட்டுப் பாலிசி, யாரிடமிருந்தோ வர வேண்டிய பாக்கி, வாடகைக்கு விடக்கூடிய ஒரு அறை என எல்லாவற்றையும் எழுதுங்கள்.

வலது பக்கம் எழுதும்போது ஒவ்வொரு கடனுக்கும் ஆண்டு வட்டி என்ன என்று கணக்கிட்டு எழுதுவது மிக முக்கியம். நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில் "ஒரு வட்டி", "மூணு வட்டி", "பத்து வட்டி" என்று சொல்லிப் பழகிவிட்டதால் அதன் எடை நமக்குத் தெரிவதில்லை. ஒரு வட்டி என்பது ஆண்டுக்கு 12 சதவீதம். மூன்று வட்டி 36 சதவீதம். பத்து வட்டி 120 சதவீதம், அதாவது ஓர் ஆண்டில் அசலைத் தாண்டி வட்டி மட்டுமே போய்விடுகிறது. நெகேமியாவின் காலத்தில் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்த ஜனங்கள் கூக்குரலிட்டபோது, நூற்றுக்கு ஒன்று என்று தண்டிய வட்டியையே விட்டுவிடும்படி அவர் அதிகாரிகளைக் கண்டித்ததாக நெகேமியா புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதை ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் நம் தெருக்களில் ஓடும் வட்டி என் நினைவுக்கு வருகிறது.

தண்டல் கணக்கு இன்னும் ஏமாற்றும். பத்தாயிரம் ரூபாய் என்று பெயர். பிடித்தம் போகக் கையில் வருவது 8,500. நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாட்கள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிக்கொண்டிருப்பதால், சராசரியாக உங்கள் கையில் இருக்கும் கடன் 4,250 ரூபாய் அளவுதான். அதற்கு 100 நாட்களில் 1,500 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு 120 சதவீதத்தையும் தாண்டுகிறது. எங்கள் சபையில் காய்கறி வியாபாரம் செய்யும் ஒரு சகோதரியிடம் இந்தக் கணக்கைத் தரையில் சாக்கட்டியால் எழுதிக் காட்டியபோது, அவர்கள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நான் ஆறு வருசமா இவருக்குத்தான் வியாபாரம் பாத்திருக்கேன்" என்றார்கள்.

விற்று, தீர்த்து

பட்டியல் கையில் வந்ததும் எதை முதலில் அடைப்பது என்ற கேள்வி எழும். பெரிய தொகை பெரிய பாரமாகத் தெரியும். ஆனால் நெருக்குவது வட்டிதான். ஒரு வட்டிக்கு 80,000 ரூபாய் நகைக்கடன் இருந்தால் மாதம் 800 ரூபாய் போகிறது. மூன்று வட்டிக்கு 50,000 ரூபாய் புரோநோட்டுக் கடன் இருந்தால் மாதம் 1,500 ரூபாய் போகிறது. ஆகவே எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, மிஞ்சுகிற ஒவ்வொரு ரூபாயையும் வட்டி அதிகமான கடனின் அசலில் கட்டுங்கள். அது தீர்ந்ததும் அதற்குப் போய்க்கொண்டிருந்த தொகை முழுவதையும் அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். வட்டியில்லாத கைமாற்றுக் கொடுத்தவரையும் கடைக்காரரையும் மறந்துவிடலாகாது. நேரில் போய், மாதம் 300 ரூபாயாவது தருகிறேன் என்று நாள் சொல்லி, அந்த நாளில் கொடுத்துவிடுங்கள். அவர்களுடைய நம்பிக்கைக்கு நாம் வட்டி கட்டவில்லை என்பதாலேயே அதற்கு மதிப்புக் குறைந்துவிடாது.

நகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அடகு வைத்த நகையை ஆண்டுதோறும் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போகிறோம். நான்கு ஆண்டுகள் இப்படி ஓடினால், ஒரு வட்டியிலேயே வாங்கிய கடனில் ஏறக்குறையப் பாதியை வட்டியாகக் கட்டியிருப்போம். நகையோ இன்னும் அவர்களுடைய பெட்டியில்தான் இருக்கும். ஓராண்டுக்குள் திருப்ப முடியாது என்று நோட்டுச் சொன்னால், பத்துச் சவரனில் மூன்றை விற்று மற்றதைத் திருப்புவதுதான் புத்தி. விற்பதை அவமானமாக நினைக்க வேண்டாம். தீர்க்கதரிசியே "விற்று" என்றுதான் சொன்னான். என் அம்மா வளையல்களையும் சங்கிலியையும் கொடுத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஆலயத்துக்கு வந்தார்கள். சிலர் பார்த்தார்கள். அம்மா தலை நிமிர்ந்தே பாட்டுப் பாடினார்கள்.

வட்டி அதிகமான கடனை அடைக்க வட்டி குறைந்த கடன் வாங்குவது ஒன்றுதான், நெருக்கடியில் புதுக் கடன் வாங்குவதற்கு நியாயமான காரணம். உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் பொதுத்துறை வங்கியிலும் நகைக்கடன் என்ன வட்டி என்று முதலில் விசாரியுங்கள். அந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறே விசுவாசத்தோடு தொடர்புடையது. ஜெர்மனியில் வையர்புஷ் என்ற ஊரின் நிர்வாகியாக இருந்த ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன், ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தியுள்ளவர். 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது, வசதியுள்ளவர்களின் பணத்தைத் திரட்டி, ஏழைகளுக்குக் கடனாக ரொட்டி கிடைக்கச் செய்தார். பிறகு, தானத்தை மட்டும் நம்பி இது நிலைக்காது, ஏழைகளே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று கண்டு, 1864-ல் ஹெட்டஸ்டார்ஃபில் கடன் சங்கம் அமைத்தார். சென்னை மாகாணத்தின் கடன் நிலையை ஆராய்ந்த ஃப்ரெடரிக் நிக்கல்சன், 1890-களில் அளித்த தம் அறிக்கையில் "ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்" என்று பரிந்துரைத்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது, அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் ஒரு கடன் சங்கமும் தொடங்கியது. நம் தெருமுனைச் சங்கத்தின் வேரில் ஒரு பஞ்சகால ரொட்டி இருக்கிறது.

கடன் கொடுத்தவரைக் கண்டு ஒளியாதீர்கள். அடுத்தவனுக்காகப் பிணைப்பட்டுச் சிக்கிக்கொண்டவனுக்கு நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் சொல்லும் புத்தி, தூங்காமல் உடனே போய் உன்னைத் தாழ்த்திக் கேள் என்பதுதான். தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய், வேலை போனதற்கான கடிதத்தையோ மருத்துவச் சீட்டையோ காட்டி, தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சிறுகடன் நிறுவனங்கள் கடன் தரும்போது, ஒரு குடும்பம் மாதந்தோறும் கட்டும் எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற விதியும் 2022 முதல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. மிரட்டலோ ஏச்சோ வந்தால் காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளுக்கும் போவது, கிறிஸ்தவப் பொறுமைக்கு விரோதமான காரியம் இல்லை. பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சவுக்கடியைத் தடுத்துக்கொண்டதை மறக்க வேண்டாம்.

வெற்றுக் காசோலையிலோ நிரப்பாத புரோநோட்டிலோ கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள், அல்லது வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

மீந்ததைக்கொண்டு வாழ்வது

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற ஆகாரம் அன்றன்றைக்குத்தான் விழுந்தது. அதிகமாய்ச் சேர்த்தவனுக்கு மீதியாகவும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவும் இல்லை. நெருக்கடிக் காலத்தில் மாதச் செலவுத் திட்டம் பெரும்பாலும் தோற்றுப்போகும். கூலியும் வியாபாரமும் நாளுக்கு நாள் மாறுகிறவை. வாரக் கணக்கே கைக்குள் நிற்கும். அரிசி, பலசரக்கு, பால், காய்கறி, மின்சாரம், எரிவாயு, பிள்ளைகளின் படிப்பு, மருந்து, தவணை, காணிக்கை என்று தனித்தனி உறைகளில் பெயர் எழுதி, வருகிற பணத்தை அன்றே பிரித்து வையுங்கள். ஓர் உறை காலியானால் மற்றொன்றில் கை வைக்கும் முன் கணவனும் மனைவியும் பேசியாக வேண்டும். கடைப் பற்றை நிறுத்திவிட்டு, அன்றன்றைக்குக் கையில் உள்ள காசுக்கு வாங்கத் தொடங்கினாலே செலவு குறைவதை இரண்டு வாரத்தில் காண்பீர்கள்.

எங்கள் கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு பஞ்சம் ஆண்டுதோறும் தேதி சொல்லிவிட்டு வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதமும் அதோடு ஒட்டிக்கொண்டே வருவதால், நகை அடகுக் கடைக்குப் போவதும் அந்த நாட்களில்தான். யோசேப்பு எகிப்தில் பரிபூரண வருஷங்களின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னான் அல்லவா? அந்தக் கணக்கு இங்கே ஏறக்குறையப் பொருந்துகிறது. ஐந்து நாள் செலவு செய்யும்போதெல்லாம் ஒரு நாள் செலவுக்கான தொகையைத் தனியே வைத்தால், மற்ற 304 நாட்களில் தடைக்காலத்தின் 61 நாட்களுக்கானது சேர்ந்துவிடும். முழுவதும் முடியாவிட்டாலும் பாதி முடியும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருவதையும், தடைக்கால நிவாரணத்தையும் விடாமல் பெற்றுக்கொள்ளுங்கள். உப்பளத் தொழிலாளருக்கு மழைக்காலம் இப்படித்தான். ஆசிரியருக்கும் அலுவலருக்கும் இது கிறிஸ்மஸ் மாதம். டிசம்பர் சட்டையும் பலகாரமும் ஜனவரியில் கடனாக நிற்காமல் இருக்க, ஆடி மாதத்திலிருந்தே ஓர் உறை வேண்டும்.

காணிக்கையும் தசமபாகமும்

இதைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள், மெல்லிய குரலில் கேட்கிறார்கள். கடன் இருக்கும்போது தசமபாகம் கொடுக்கலாமா, கொடுக்காவிட்டால் சாபம் வருமா என்பதே கேள்வி. பொருளாளராக இருந்து சொல்கிறேன்: கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்" என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிட்டு, தகப்பனையும் தாயையும் கைவிட்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது நம்முடைய பணம் இல்லை. அடுத்தவர் பணத்தை நாம் படைக்க முடியாது. இவ்வளவு விதைத்தால் இவ்வளவு அறுப்பாய், கடன் தீரும் என்று தொகை குறித்து யாராவது கேட்டால், உங்கள் கடன் நோட்டை அவர்களிடம் நம்பி ஒப்படைக்காதீர்கள்.

அதற்காகக் கொடுப்பதை முற்றிலும் நிறுத்திவிடவும் வேண்டாம். மனவிருப்பம் இருந்தால், ஒருவனுக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அது அங்கீகரிக்கப்படும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். பிடியரிசி என்ற பழைய வழக்கம் இதற்காகவே எங்கள் வீடுகளில் வந்தது. சோற்றுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து அடுப்படிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதே வழக்கம் இருந்து வருகிறது. எங்கள் வீட்டில் ஒன்பது கடன்காரர்கள் இருந்த நாட்களிலும் அம்மா அந்தப் பிடியை நிறுத்தவில்லை. சில நாட்களில் தங்கையின் சிறிய கையால் அள்ளிப் போடச் சொன்னார்கள். இல்லாதவர்கள் என்ற எண்ணம் எங்கள் மனதில் வேரூன்றாமல் போனதற்கு அந்தக் கலயம் ஒரு காரணம் என்று நம்புகிறேன். கடன் குறையக் குறையக் காணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். மற்றபடி இது உங்களுக்கும் தேவனுக்கும் நடுவே உள்ள காரியம்.

அக்கம்பக்கத்தின் வெறும் பாத்திரங்கள்

விதவை அயலாரிடம் போய்க் கேட்டது பாத்திரங்களைத்தான், அதுவும் வெறும் பாத்திரங்களை. சபையாரிடம் பணம் கேட்கக் கூச்சப்படும் குடும்பங்களுக்கு இதைச் சொல்வேன்: பணத்தைத் தவிரக் கேட்பதற்கு எத்தனையோ இருக்கின்றன. ஒரு மாதம் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிட ஒரு வண்டி, பழைய பாடப்புத்தகங்கள், வேலை இருக்கும் இடத்தைப் பற்றிய ஒரு தகவல், வங்கி மேலாளரிடம் உடன் வந்து உட்கார ஒரு படித்த சகோதரர், இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கினால் வாங்கிக்கொள்ள பத்து வீடுகள். இவற்றைக் கேட்கிறவர் தாழ்ந்துபோவதும் இல்லை, கொடுக்கிறவர் களைத்துப்போவதும் இல்லை. கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டங்களும் வின்சென்ட் தே பால் சபையும் இந்த வேலையை வீடு வீடாகச் செய்து வருகின்றன.

சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உதவி பெறுகிறவர் பெயரை அறிவிப்புப் பலகையில் போடாதீர்கள். கடன் தீர்க்க உதவும்போது தொகையைக் கையில் கொடுப்பதைவிட, குடும்பத்தாரையும் உடன் அழைத்துக்கொண்டு போய்க் கடனைக் கட்டி, ரசீதை அவர்களிடம் கொடுங்கள். சபைக்குள் ஒருவருக்கொருவர் வட்டிக்குக் கொடுக்கல் வாங்கல் செய்வதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. அது பகையாக மாறி, இரண்டு குடும்பங்களும் வெவ்வேறு ஆராதனைக்குப் போகத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

விழுந்துவிடாமல் இருக்க

கடன் அடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நோயோ மரணமோ வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆகவே இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்: வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதினருக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், 18 முதல் 50 வயதினருக்கு ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் கிடைக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துவிடுங்கள். மருத்துவமனை வாசலில் நின்று கொண்டு விண்ணப்பிப்பது எவ்வளவு சிரமம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

ஆவணங்களையும் கடன் நோட்டையும் தண்ணீர் புகாத உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் மாவட்டமும் நெல்லையும் வெள்ளத்தில் மூழ்கியபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தது. பத்திரமும் ரசீதும் கரைந்துபோய், கட்டிய கடனைக் கட்டியதாக நிரூபிக்க முடியாமல் அலைந்தவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு.

கடைசிக் கடன் தீர்ந்த மாதம், அந்தத் தவணைப் பணம் கையில் சும்மா நிற்கும். அந்த மாதமே அஞ்சலகத்துக்குப் போய், அதே தொகைக்கு ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும் வரை அதைத் தொடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒன்பதாவது பெயரை அடித்த அன்று, அம்மா அந்த நாட்காட்டித் தாளைக் கிழித்துப்போடாமல் மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார்கள். அடுத்த வாரம் தெருவில் வேலையிழந்த ஒருவர் வீட்டுக்குப் போகும்போது, பிடியரிசிக் கலயத்தைப் புடவைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு, அந்தத் தாளையும் கையில் கொண்டு போனார்கள்.